அண்ணனின் எண்ணிலிருந்து

குழாயில் முதலில் காற்றுதான் வரும். உஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு இரண்டு துப்பல், பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம். அதைப் பிடித்து வாசலில் ஊற்றிவிட்டுத் திரும்பினால் நல்ல தண்ணீர். அழுத்தம் போதாது என்று தெருவில் எல்லோரும் குழி தோண்டிக் குழாயைக் கீழே இறக்கி வைத்திருக்கிறோம். குடத்தையும் குழிக்குள் இறக்கித்தான் பிடிக்க வேண்டும். குடத்தை இறக்கிவிட்டு, துவைக்கிற கல்லின் மேலிருந்த போனை எடுக்கிறேன். தெருவுக்கென்று தண்ணீர் குரூப் ஒன்று இருக்கிறது, எந்தத் தெருவுக்கு எப்போது திறக்கிறார்கள், எப்போது அடைக்கிறார்கள் என்று அதில் போடுவார்கள். அதைப் பார்க்கத்தான் எடுத்தேன். திறந்தாச்சு என்று இருக்கிறது, பார்த்தாயிற்று, வைத்துவிட வேண்டியதுதானே. வைக்கவில்லை. விரல் தானாகவே கீழே இறங்கி எங்கள் குடும்பத்து 'சொந்தங்கள்' குரூப்பைத் திறந்துவிட்டது. காலை வணக்கம், ஒரு ரோஜாப்பூ, வேல் பிடித்த முருகன், இன்னொரு ரோஜாப்பூ, நடுவில் அண்ணனின் பெயர். கோமதிநாயகம் அண்ணன். இந்தக் குரூப்பில் ஒரு பூக்கூடப் போடாத அண்ணன். ஒரு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாத அண்ணன். அந்தப் பெயருக்குக் கீழே சாய்வான எழுத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

என்ன செய்தி. யார் நீக்கியது. இன்று காலையில்தான் வந்திருக்கிறது, மேலே ஒரு ரோஜாப்பூ, கீழே ஒரு ரோஜாப்பூ, இடையில் இது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பல் விழுந்த இடம் மாதிரி இருக்கிறது. நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவுகிறது. அண்ணனுக்கு இதில் எழுதத் தெரியுமா என்ன? சங்கரன்கோவிலில் மகன் வீட்டோடு இருக்கிறார், போன வருஷம் வரைக்கும் போனைக் காதில் வைப்பதோடு சரி. எழுதியது அண்ணன் இல்லை என்றால் வேறு யார்? அண்ணன் போனை அண்ணன் மகன் சண்முகவேல் எடுத்திருப்பான். ஏன் எடுக்கிறான்? அவனுக்குத்தான் அவன் போன் இருக்கிறதே. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது, யார் சொல்லி வந்தது என்று தெரியவில்லை. பெரியவர்கள் யாராவது போய்விட்டால் அவர்கள் போனிலிருந்தேதான் செய்தி போடுகிறார்கள். எல்லாச் சொந்தத்தின் எண்ணும் அதில்தானே இருக்கிறது. கடையநல்லூர் சித்தப்பா போனபோது சித்தப்பாவின் எண்ணிலிருந்துதான் வந்தது. வட்டத்துக்குள் சித்தப்பா குற்றாலத்தில் துண்டோடு நின்று சிரிக்கிறார், பக்கத்தில் 'அப்பா இன்று காலை தவறிவிட்டார்கள், எடுப்பு மாலையில்' என்று எழுத்து. அன்றைக்குச் சித்தப்பாவே எனக்குத் தகவல் சொல்வது போல இருந்தது. அதற்கப்புறம் பெரியவர்கள் யார் பெயர் புதிதாக மேலே வந்தாலும் எனக்கு முதலில் பாதம்தான் குளிர்கிறது, பிறகுதான் கண் எழுத்தைப் படிக்கிறது.

குடம் நிறைந்து வழிகிற சத்தம் கேட்கிறது. எடுத்து வைத்துவிட்டு அடுத்ததை இறக்குகிறேன். இந்தத் தண்ணீரை விட்டுவிட்டு எங்கேயும் போக முடியாது. அடுத்து என்றைக்குத் திறப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, வீட்டில் குடிக்க ஒரு சொம்புதான் மிச்சம். சண்முகவேலுக்குப் போன் போடுகிறேன். மணி போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை. மறுபடியும் போடுகிறேன். எடுக்கவில்லை. அவனுக்கு விசைத்தறியில் வேலை, தறிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்கிறது மனசின் ஒரு பாதி. தறிக்கு இன்றைக்கு ஏன் போகிறான், அப்பாவை வைத்துக்கொண்டு தறிக்குப் போவானா என்கிறது மறு பாதி. அண்ணனுக்கே போட்டால்? போட்டு என்னவென்று கேட்பது? நல்லா இருக்கீங்களா என்று கேட்க எனக்கு இப்போது பாத்தியதை இல்லை. போன வருஷம் போட்ட எதையும் அவர் எடுக்கவுமில்லை. ஒருவேளை எடுப்பது அண்ணனாக இல்லாவிட்டால்? அது தெரிந்துவிடுமே என்றுதான் பயம். என் வீட்டுக்காரருக்குப் போட்டுப் பயனில்லை, தீப்பெட்டி ஆபீசில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு ஜெபமணி அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டுகிறாள். "என்ன உலகம்மா, குடம் வழியுது, நீ போனைக் குடிச்சுக்கிட்டு இருக்கே?" என்கிறாள். நான் விஷயத்தைச் சொல்கிறேன். "அட, தப்பா ஏதாச்சும் அமுக்கிருப்பாரு. எங்க வீட்டுக்காரரு சர்ச் குரூப்புல மீன்குழம்பு படத்தப் போட்டுட்டு, பாஸ்டர் பாக்குறதுக்குள்ள எடுக்கணும்னு ஆலாப் பறந்தாரு, உனக்குத் தெரியாதா?" என்று சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே பார்க்கிறேன், விரல் ஈரத்தில் கண்ணாடி வழுக்குகிறது, சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. அந்தச் சாய்வெழுத்து மட்டும் அசையாமல் அப்படியே இருக்கிறது.

அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, போனது போன ஐப்பசியில். மழை பெய்துகொண்டிருந்தது. அப்போது என்னிடம் இருந்தது பொத்தான் வைத்த சின்னப் போன், அதில் மணி பார்க்கலாம், பேசலாம், வெளிச்சம் அடிக்கலாம். அதற்கு மேல் ஒரு போன் எதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். என் மகள் மஸ்கட்டிலிருந்து எவ்வளவோ சொன்னாள், "அம்மா, டச் போன் வாங்கிக்கோ, பிள்ளையப் பாக்கலாம்" என்று. பேத்தியின் முகத்தைக் காட்டியும் மசியாதவள் நான். கண் கெட்டுப்போகும், காசு கரியாகும் என்று ஏதேதோ காரணம் சொன்னேன். உண்மையில் அதைத் தொடவே கூச்சம், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்காருவது மாதிரி. மதினிக்கு நெஞ்சுவலி வந்து விடியக்காலையில் போய்விட்டாள். சண்முகவேல் குரூப்பில் போட்டிருக்கிறான். முன்னெல்லாம் ஆள் வந்து சொல்வார்கள், பிறகு போனில் கூப்பிட்டுச் சொன்னார்கள். குரூப்பில் போட்டாயிற்று என்றால் உலகத்துக்கே சொன்ன மாதிரிதானே. ஒவ்வொருவரும் பார்த்தார்கள், ஒவ்வொருவரும் பஸ் ஏறினார்கள், உலகம்மாளும் பார்த்திருப்பாள் என்றே ஒவ்வொருவரும் நினைத்தார்கள். நான் அந்தக் குரூப்பிலேயே இல்லை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. யார் இல்லை என்று யார் எண்ணிப் பார்ப்பார்கள்? அண்ணன் மத்தியானம் வரை எடுக்க விடவில்லையாம். கூடப் பிறந்தவள் வரட்டும், அவள் வந்து வாய்க்கரிசி போடட்டும் என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். அதே மத்தியானம் நான் இங்கே முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் எள்ளா சீரகமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதை நினைக்காத நாள் இல்லை. மறுநாள் கடையில் தூரத்துச் சொந்தம் ஒருத்தி பார்த்து, "நீ துட்டிக்குப் போகலையா?" என்று கேட்டாள். துட்டியா, யார் செத்தது என்று கேட்டேன். போட்டது போட்டபடி ஓடினேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். "ஊரு பூரா வந்துச்சு. எம் பொண்டாட்டி மொகத்தக் கடேசியாப் பாக்க, கூடப் பொறந்தவளுக்கு மனசு வரல." எனக்குத் தெரியாதண்ணே என்றேன். "சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான், அதற்கப்புறம் பேச்சில்லை.

கருமாதி முடிவதற்கு முன்பே போன் கடைக்குப் போனேன். கடைக்காரர், "என்ன பாப்பீங்கம்மா? சீரியலா, சமையலா, சாமி பாட்டா? அதுக்குத் தக்கன காட்டுதேன்" என்று கேட்டார். யார் செத்தாலும் எனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் வாங்குகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சமையல் என்றேன். பேத்தியின் சிரிப்பு செய்ய முடியாததை மதினியின் சாவு செய்துவிட்டது. சண்முகவேலிடம் கேட்டுக் குரூப்பில் சேர்ந்தேன். முதலில் காலையில் ஒரு தடவை பார்ப்பேன், ராத்திரி ஒரு தடவை பார்ப்பேன். யாரும் சாகவில்லை என்று தெரிந்தால் மூடி வைத்துவிடுவேன். பிறகு தெருவில் தண்ணீர் குரூப் வைத்தார்கள், அதில் இல்லாதவர்களுக்குத் தண்ணீர் போனது தெரியாது, சேர்ந்தேன். பிறகு கேஸ் சிலிண்டர் பதிய இதில்தான் சுலபம் என்றார்கள். பிறகு பேத்தி. பிறகு அன்றன்றைக்கு உள்ள நெட்டை அன்றைக்கே தீர்க்காவிட்டால் ராத்திரியோடு வீணாகிவிடும் என்று ஜெபமணி அக்கா சொன்னாள், மிஞ்சின குழம்பைக் கொட்ட மனசு வராதவள் நான், அதனால் படுக்கும் முன் ஏதாவது பார்த்துத் தீர்ப்பேன். சாவு இருக்கிறதா என்று பார்க்க எடுப்பேன், எடுத்த கை தேங்காய்ப்பால் பிழிகிறவளிடம் போய் நிற்கும், அங்கிருந்து கோலம், அங்கிருந்து யாரோ ஒரு ஊரில் யாரோ ஒருத்தி கிணற்றிலிருந்து பூனையைத் தூக்குவது. திடீரென்று நினைவு வரும். இவ்வளவு நேரத்தில் யாராவது போயிருந்தால்? மறுபடி குரூப்புக்கு ஓடுவேன். ரோஜாப்பூக்களை ஒதுக்கி ஒதுக்கிக் கீழே போவேன். எல்லோரும் இருக்கிறார்கள். அப்பாடா என்று ஒரு மூச்சு. அந்த மூச்சுக்காகவேதான் திரும்பத் திரும்ப எடுக்கிறேனோ என்னவோ. பொத்தான் போன் இருந்தபோது ஒருவரும் சாகாமல் இருந்த நாட்களில் எனக்கு அப்பாடா என்று சொல்லத் தோன்றியதே இல்லை.

இப்போது அந்த மூச்சு வரவில்லை. மூன்றாவது குடமா நான்காவதா, எடுத்து வைக்கிறேன், இடுப்பு வலிக்கிறது, அடுத்ததை இறக்குகிறேன். யோசித்துப் பார். செய்தியைப் போட்டான், உடனே எடுத்துவிட்டான். ஏன் எடுக்க வேண்டும்? போட்ட பிறகு மூச்சு திரும்பியிருக்கலாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். அதனால்தான் போனை எடுக்கவில்லை. இல்லையென்றால், நான் இதில் இருக்கிறேன் என்று நினைவு வந்து எடுத்திருக்கலாம். அத்தைக்குத் தெரிய வேண்டாம், அப்பா அவளைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார், தனித்தனியாகச் சொல்லிக்கொள்வோம் என்று. ஆமாம், அதுதான். எல்லோருக்கும் தனித்தனியாகப் போய்விட்டது, அதனால்தான் ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை. போன தடவை எல்லோரும் இருந்த இடத்தில் நான் இல்லை. இந்தத் தடவை நான் இருக்கிற இடத்திலிருந்து எல்லோரும் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டார்கள். சீச்சீ, சண்முகவேல் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. அப்படியானால் அண்ணன்தான் எழுதினார், என்னைப் பற்றி ஏதோ எழுதினார், கோபத்தில் எழுதி, எல்லோரும் பார்ப்பார்களே என்று எடுத்தார். அப்படி இருந்தால் நல்லது. ஐயோ, அப்படி இருந்தால் எவ்வளவு நல்லது, என்னைத் திட்டியிருந்தால் அண்ணன் இருக்கிறார் என்று ஆகுமே. திட்டியிருக்கட்டும் சாமி. என் பிறந்தநாள் சின்ன வயதில் யாருக்கும் நினைவிருக்காது, அண்ணனுக்கு மட்டும் இருக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பையில் ஒரு தேன்மிட்டாய் ஒட்டிக்கொண்டு வரும், பிய்த்துத் தருவார், தாளோடு சேர்த்துத் தின்போம். அந்தத் தாளின் ருசி இப்போது எதற்கு வாயில் வருகிறது? போனவர்களைத்தான் இப்படி நினைப்பார்கள். நினைக்காதே, நினைக்காதே என்று சொல்லிக்கொண்டே நினைக்கிறேன்.

மறுபடியும் போனை எடுக்கிறேன். சேலையில் கையைத் துடைத்தும் ஈரம் போகவில்லை. குரூப்பில் கீழே யாராவது ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று தள்ளிப் பார்க்கிறேன், கட்டைவிரல் எங்கேயோ பட்டு வழுக்கி மேலே ஏறுகிறது, ஒன்றும் புதிதாக இல்லை. போனைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டுக் குழிக்குள் குனிகிறேன். குனிந்த இடத்தில், குழாய்ச் சத்தத்தில், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. "எண்ணே, போயிட்டியளா. ஒரு வார்த்த பேசாமலே போயிட்டியளே. மதினி மொகத்தத்தான் பாக்கக் குடுத்து வைக்கல, ஒங்க மொகத்தயும் மறைச்சிட்டாகளே. எனக்கு யாரும் சொல்லலண்ணே. அன்னைக்கும் சொல்லல, இன்னைக்கும் சொல்லல. எந்தச் சாமி மேலயும் ஆணை, எனக்குத் தெரியாதுண்ணே." சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது, அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறது, ராகம் மாதிரி ஆகிவிடுகிறது. ஜெபமணி அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏ உலகம்மா, என்ன இது, மெய்யாவே போயிட்டாரா?" என்று கத்துகிறாள். நிமிர்கிறேன். கல்லின் மேல் போனில் சிவப்பாக ஏதோ மினுக்கிக்கொண்டிருக்கிறது, எண்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. என் பேச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரமாக? நிறுத்த வேண்டும், எதை அமுக்க வேண்டும் என்று தெரியவில்லை, பச்சையாக இருந்ததை அமுக்கினேன், விருட்டென்று போய்விட்டது. குரூப்புக்குள். நான் அழுதது நீளமான ஒரு கோடாக அங்கே கிடக்கிறது. ஐயையோ. எடுக்க வேண்டும். அண்ணன் எடுத்தாரே, அப்படி. அழுத்திப் பிடித்தால் நீக்கச் சொல்லலாம் என்று மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அழுத்தினேன். இரண்டு கேட்கிறது. அனைவருக்கும் நீக்கு. எனக்கு மட்டும் நீக்கு. அனைவருக்கும் என்பதைப் பார்த்ததும் கை பின்வாங்கிவிட்டது. எல்லோர் போனிலும் கை வைக்க நான் யார்? அவர்கள் பூ, அவர்கள் படம் ஏதாவது போய்விட்டால்? என்னால் வந்தது, என்னோடு போகட்டும். எனக்கு மட்டும் என்பதை அமுக்கினேன். மறைந்துவிட்டது. இருந்த சுவடே இல்லை. அப்பாடா.

அப்பாடா என்று சொன்ன வாய் மூடவில்லை. போன் துள்ளுகிறது. அம்பாசமுத்திரத்துப் பெரியப்பா மகன் தளவாய், இத்தனை நாளாக ரோஜாப்பூ அனுப்பியவன், கும்பிடும் கைகளாக ஒரு வரிசை போட்டிருக்கிறான். அதற்குக் கீழே இன்னொருவர், ஆழ்ந்த இரங்கல். அதற்குக் கீழே, நல்ல மனிதர், அண்ணாச்சி ஆத்மா சாந்தியடையட்டும். எழுத்து ஒவ்வொன்றும் பெரிதாகிச் சின்னதாகிறது. அண்ணாச்சி. அண்ணாச்சி என்று குரூப்பில் ஒருவரைத்தான் சொல்வார்கள். அப்படியானால் சரிதான். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் நினைத்தது நடந்திருக்கிறது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன், தண்ணீர் சேலையில் ஏறுவது தெரிகிறது, எழத் தோன்றவில்லை. மேலும் மேலும் வருகிறது. மாலைகள், அழுகிற முகங்கள், ஒரு விளக்குப் படம். எப்போ எடுப்பு என்று ஒருவர். தளவாய் மறுபடியும், 'வேன் பேசியாச்சு, வருகிறவர்கள் பெயர் கொடுக்கவும்.' நான் என் பெயரை எங்கே கொடுப்பது? எப்போது போனார்? விடியக்காலையிலா? விடியக்காலையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன், தண்ணீர் குரூப்பைப் பார்த்தேன், காபி போட்டேன், ஆமாம், ஒரு வத்தல்குழம்பு பார்த்தேன், முழுவதும் பார்த்தேன், அவள் கடைசியில் வெல்லம் போடுவதுவரை பார்த்தேன். அந்த நேரத்தில் அண்ணன். கிளம்ப வேண்டும், இந்தத் தடவை மத்தியானத்துக்குள் போய்விட வேண்டும், சேலை மாற்ற வேண்டுமா, வேண்டாம், கையில் பஸ்சுக்கு இருக்கிறதா, சுவர் ஓரமாக ஜெபமணி அக்கா வந்து நிற்கிறாள், "ஏசப்பா" என்கிறாள், என் தோளைப் பிடிக்கிறாள். அப்போது போன் அடிக்கிறது. திரையில், அண்ணன்.

சித்தப்பா எண்ணிலிருந்து வந்த மாதிரியேதான். சண்முகவேல் இப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்து, அப்பா போனை எடுத்து, அத்தைக்குச் சொல்கிறான், கடைசியாக எனக்கு. எடுக்கக் கை வரவில்லை. ஜெபமணி அக்காதான் பச்சையைத் தள்ளிக் காதில் வைத்தாள். பின்னால் பஸ் இரைச்சல், யாரோ சில்லறை கேட்கிறார்கள். பிறகு ஒரு கனைப்பு. அந்தக் கனைப்பை நான் எங்கே கேட்டாலும் அறிவேன்.

"ஏளா உலகு, நான் எப்பச் செத்தேன்?"

போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பஸ்சுல உக்காந்து பாக்கேன், அத்தன பயலும் எனக்கு மாலை போடுதான். பக்கத்துல இருக்கவரு எட்டிப் பாத்துட்டு, யாரு பெரியவரே, ஒங்க சொந்தமாங்காரு. நாந்தான்யா அதுன்னேன். மனுசன் வேற சீட்டுக்குப் போயிட்டாரு."

"எண்ணே..." என்றேன். "நீங்க என்னமோ போட்டு எடுத்திருந்தீக. நான் வேற மாதிரி நெனச்சுட்டேண்ணே. எல்லாரும் இரங்கல் போடுதாகளே."

"நீ வச்ச ஒப்பாரியக் கேட்டுத்தாம்ளா போடுதானுவ. குரூப்பு பூரா ஒன் சத்தந்தான். நானும் கேட்டேன்."

"நான் அழிச்சிட்டேனே."

"ஒனக்குத்தான் அழிஞ்சிருக்கு. எங்களுக்கெல்லாம் கெடக்கு."

பஸ் எங்கேயோ திரும்புகிற சத்தம். கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும் காதில் வைத்தபோது குரல் இறங்கியிருந்தது.

"வார வியாழக்கெழம ஒம் மதினிக்கு வருசம். அதத்தான் எழுதிப் போட்டேன், எல்லாரும் வாங்கன்னு. போட்டுட்டு, போன வருசம் அவ செய்தியப் போட்டது இதுலதானேன்னு மேல தள்ளித் தள்ளிப் போனேன். இருந்துச்சு. அதுக்குக் கீழ, எடுப்பு முடிஞ்சு பல நாளு கழிச்சு, ஒன்னச் சேத்ததா ஒரு வரி இருக்கு. சண்முகவேல கூப்பிட்டு, இதுக்கு என்னடே அர்த்தம்னு கேட்டேன். சேத்த பொறவு வாரதுதான் அத்தைக்குத் தெரியும், முந்தினது தெரியாதுன்னான்." மறுபடியும் ஒரு கனைப்பு. "நீ சொன்னே. நாந்தான் கேக்கல. இந்தத் தடவயும் ஒன்ன இதுலயா கூப்பிடுறதுன்னு எடுத்துட்டேன். நேருல சொல்லணும்னு கெளம்பிட்டேன். கழுகுமல தாண்டியாச்சு."

அழக்கூடாது என்று நினைத்தேன், அழுததற்குத்தான் இத்தனை கூத்து. ஆனாலும் பயம் முழுசாக இறங்கவில்லை. "வேன் பேசிட்டாகண்ணே, தளவாய் பேரு எழுதுதான். நான் அப்படி ஒண்ணும் இல்லேன்னு போட்டுருதேன், ஒரு நிமிசம்."

"நீ ஒண்ணையும் அமுக்காத. அமுக்குன வரைக்கும் போதும். சண்முகவேலு பாத்துக்கிடுவான். வேன வியாழக்கெழமைக்கு மாத்தச் சொல்லுவோம்." பிறகு, "எந்த ஸ்டாப்புல எறங்கணும்ளா? புது வீட்டுக்கு நான் வந்ததில்லயே."

"லொகேசன் போடுதேண்ணே, அதப் பாத்து..."

"அதெல்லாம் எனக்கு ஆகாது. நீ வந்து நில்லு."

பால் டிப்போ ஸ்டாப் என்று சொன்னேன். ஜெபமணி அக்கா, "போ, மிச்சத்த நான் பிடிச்சு வைக்கேன், போ" என்று தள்ளினாள். ஈரச் சேலையோடு வந்து நிற்கிறேன், முழங்காலுக்குக் கீழே துணி ஒட்டிக்கொண்டு நடக்கவே வரவில்லை, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். சங்கரன்கோவில் பஸ் ஒன்று வருகிறது, கல்லூரிப் பிள்ளைகள் இறங்குகிறார்கள், ஒரு அம்மாள் கோழிக்கூடையோடு இறங்குகிறாள், விசில், போய்விட்டது. அண்ணன் இல்லை. மறுபடியும் பாதம் குளிர்கிறது. பேசினது அண்ணன்தானே. ஜெபமணி அக்காவும் கேட்டாளே, அவள் கேட்டாளா, காதில் வைத்தது என் காதில்தானே. இரைச்சலில் தூங்கி ஸ்டாப்பை விட்டிருப்பாரோ, சொன்னது விளங்கவில்லையோ. இடுப்பில் சொருகியிருக்கும் போன் துள்ளிக்கொண்டே இருக்கிறது, யார் யாரோ இன்னும் அண்ணனுக்குச் சாந்தி சொல்கிறார்கள், எடுத்துப் பார்க்கக் கூடாது என்று கையைக் கட்டிக்கொள்கிறேன். ரோட்டையே பார்க்கிறேன். லாரி, லாரி, ஒரு மினி பஸ், அதற்குப் பின்னால் பச்சைப் பலகையோடு அடுத்த சங்கரன்கோவில் பஸ். படிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வருகிறார், ஒரு கையில் கம்பி, ஒரு கையில் மஞ்சள் பை, எப்போதும் போல இடது காலை முதலில் வைத்து மெதுவாக இறங்குகிறார். மெலிந்துவிட்டார். என்னை மேலிருந்து கீழே பார்க்கிறார், ஈரச் சேலையை, வெறுங்கையை.

"என்னளா, சும்மா நிக்கே? மாலை எங்க?"